அத்தியாயம் 6: பழைய ஃபைபர் படகின் உடற்கட்டைச் சீரமைத்தல்

1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை உடையும் மணற்கரையில் இறங்கி ஏறக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. துறைமுகம் இல்லாத நம் கரைகளுக்கு ஃபைபர் பொருந்தும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் ஏராளமான ஃபைபர் படகுகள் கரைக்கு வந்தன. அவசரத்தில் கட்டப்பட்டவை என்பதால் எல்லாப் படகுகளும் ஒரே தரத்தில் இல்லை. அவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை இன்று பழைய படகுகள். இந்த அத்தியாயம் அவற்றுக்காகவும் அவற்றை ஒத்த பிற படகுகளுக்காகவும் எழுதப்பட்டது.

ஃபைபர் மக்காது, துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் களைத்துப்போகும். தினமும் மணலில் இழுபடுகிறது, அலையில் மோதுகிறது, இன்ஜின் அதிர்வைத் தாங்குகிறது. கண்ணாடி இழையும் ரெசினும் பிடித்திருக்கும் பிடி மெல்ல விடுகிறது. சீரமைப்பு என்றால் அந்தப் பிடியைத் திரும்ப உண்டாக்குவது. மேலே இன்னும் இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டுத் தடிப்பை ஏற்றுவதால் மட்டும் அது நடக்காது. கெட்டதை வெட்டி எடுக்கவேண்டும், நல்ல பகுதியைக் காயவைக்கவேண்டும், சரிவாக அரைக்கவேண்டும், அதன்மேல் புதியதை ஒட்டவேண்டும். இந்த நான்கில் ஒன்றைத் தவிர்த்தாலும் மற்ற மூன்றுக்கும் ஆன செலவு வீண்.

முதலில் பரிசோதனை

படகைத் தண்ணீரால் கழுவி, பாசியும் சிப்பியும் சுரண்டி, உள்ளே இருக்கும் வலை, கயிறு, பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். கண், காது, கை மூன்றுக்கும் வேலை உண்டு.

கண்ணுக்கு முதலில் படுவது மேற்பூச்சான ஜெல்கோட்டில் உள்ள கீறல்கள். அவை எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் பரவும் கீறல், அங்கே ஏதோ மோதியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. வரிசையாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கீறல் என்றால் அந்த இடம் வளைந்து வளைந்து நிமிர்கிறது. பெரும்பாலும் அதற்கு நேர் உட்புறத்தில் ஒரு குறுக்குச்சட்டமோ தடுப்போ முடியும். விறைப்பான பகுதி திடீரென முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் இடத்தில் முறிவு வருவது இயல்பு. அத்தகைய கீறலை வெளியே மட்டும் பட்டி பார்த்து மூடினால் ஒரே பருவத்தில் திரும்ப வரும். உள்ளே இருக்கும் காரணத்தைச் சரிசெய்தால்தான் வெளியே நிற்கும்.

அடுத்தது காது. சிறு சுத்தியலின் கைப்பிடியாலோ கனமான நாணயத்தாலோ படகின் உடலை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். வாங்குமுன் பானையைத் தட்டிப் பார்ப்பதைப் போலத்தான். ‘டிங்’ என்று கூர்மையாக ஒலித்தால் படலங்கள் ஒட்டியிருக்கின்றன. ‘டப்’ என்று மந்தமாக ஒலித்தால் படலங்கள் பிரிந்திருக்கின்றன, அல்லது உள்ளே தண்ணீர் நிற்கிறது. மந்தமான இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். சட்டம் இருக்கும் இடத்தில் ஒலி இயல்பாகவே மாறும். அதனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே இடத்தைத் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையின் வேலை அசைத்துப் பார்ப்பது. இன்ஜின் மேடையைப் பிடித்து ஆட்டுங்கள். வெளிப்புற மோட்டார் மாட்டும் படகானால் மோட்டாரின் அடித்தண்டைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள், பின்சுவர் வளைகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். உள்ளே இருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்றினால் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிகிறதா? அப்படியானால் உள்ளிருக்கும் பலகை அழுகிவிட்டது.

கடைசியாக நூல் பிடியுங்கள். அணியத்தின் நடுவிலிருந்து பின்சுவரின் நடுவுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு குறுக்குச்சட்டத்திலும் இரு பக்க விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இரு பக்கமும் பெரிதாக வேறுபட்டால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய நிலையில் புது மேட் போட்டால் அந்த முறுக்கு நிரந்தரமாகிவிடும்.

இந்தப் பரிசோதனை முடிந்ததும் ஒரு முடிவுக்கு வரவேண்டும். சாக்கட்டி வட்டங்கள் அடிப்பாகத்தில் பாதிக்கு மேல் பரவியிருந்தால், அல்லது ஏரா (படகின் அடிமுதுகு) முழு நீளத்துக்கும் பிளந்திருந்தால், சீரமைப்புக்கு ஆகும் ரெசினும் கூலியும் புதுப் படகின் விலையை நெருங்கும். அந்தப் படகிலிருந்து இன்ஜினையும் உலோகப் பாகங்களையும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது நல்லது. மற்றபடி ஓட்டைகள், தனித்தனிப் பிரிவுகள், அழுகிய சட்டங்கள், தேய்ந்த ஏரா எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

இடமும் காலமும்

ரெசினுக்கு மூன்று எதிரிகள்: ஈரம், நேர் வெயில், தூசி. கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் மிக ஏற்றவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறும்போது பட்டறைகள் நெருக்கடியாகிவிடும். அப்போது வேலை வைத்துக்கொள்வதானால் ரெசின் வேலையை விடியற்காலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ செய்யுங்கள். உச்சிவெயிலில் ரெசின் டப்பாவிலேயே இறுகிப்போகும்.

படகுக்கு மேலே நிழல் கட்டுங்கள். தென்னங்கீற்றுக் கொட்டகையே போதும், ஆனால் பக்கவாட்டில் மணல் பறந்து வராதபடி தார்ப்பாய் தொங்கவிடுங்கள்.

படகைத் தாங்கும் முறை முக்கியம். மணல்மூட்டைகளோ மரக்கட்டைகளோ எதுவானாலும் உள்ளே சட்டமும் தடுப்பும் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே வையுங்கள். வெற்றுத் தகட்டின் நடுவில் கட்டை வைத்தால் அந்த இடம் உள்நோக்கிக் குழியும். ஏராவின் முழு நீளமும் தாங்கப்பட்டிருக்கவேண்டும். வெட்டத் தொடங்குமுன் நூலை மறுபடி பிடித்துப் பார்த்து, அளவு ஒத்துவரும்வரை கட்டைகளைச் சரிசெய்யுங்கள்.

பிறகு உலர்த்தல். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆகவே கடல்நீர் பட்ட இடத்தை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவாமல் காயவைப்பதில் பயனில்லை. கழுவிய பிறகு காற்றோட்டத்தில் விடுங்கள். உடைந்த இடமானால் சில நாள். சட்டங்களுக்குள் நீர் புகுந்த படகானால் சில வாரம்கூட ஆகும். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: மாலையில் ஒரு முழச் சதுர பாலித்தீன் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு விளிம்பையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

பொருள்கள்

ரெசின்: படகு வேலைக்குப் பாலியஸ்டர் ரெசின்தான் வழக்கம். கடைகளில் ‘ஜி.பி.’ என்று கிடைப்பது பொது உபயோகத்துக்கானது. ‘ஐசோ’ எனப்படும் ஐசோப்தாலிக் வகை தண்ணீரை அதிகம் தாங்கும், விலையும் கூடுதல். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வேலைக்கு ஐசோவையே வாங்குங்கள். சீரமைப்புக்குத் தேவைப்படும் அளவு குறைவு. அதில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

எபாக்சி: பழைய ஃபைபர்மேல் பாலியஸ்டரைவிட எபாக்சி நன்றாக ஒட்டும். ஆனால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எபாக்சியில் அது கரையாது. மேட் விறைத்து நிற்கும், வளைவில் படியாது. எபாக்சி வேலைக்கு நெய்த துணியையோ தைத்த துணியையோ பயன்படுத்துங்கள். இரண்டாவது, எபாக்சிமேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாது, பிடிக்கவும் செய்யாது. எபாக்சியில் முடித்த இடத்துக்குப் பெயின்ட்தான்.

கண்ணாடி இழை: மேட் சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என எடை வைத்து விற்கப்படுகிறது. 450 கிராம் மேட் ஒரு படலம் இறுகியபின் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பு தரும். வோவன் ரோவிங் எனப்படும் பாய்போல் நெய்த துணி பலம் அதிகம் தரும். ஆனால் ரோவிங்கை நேராகப் பழைய பரப்பின்மேலோ இன்னொரு ரோவிங்கின்மேலோ போடாதீர்கள். இடையில் எப்போதும் ஒரு மேட் இருக்கவேண்டும். மேட்டின் சிதறிய இழைகள்தான் இரண்டு பக்கத்தையும் பிடித்துவைக்கின்றன.

ரெசின் அளவு: மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ரோவிங்குக்கு ஏறத்தாழ சம எடை. ரெசின் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. தேவைக்கு மேல் உள்ள ரெசின் எளிதில் உடையும், எடையை மட்டும் கூட்டும்.

கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைப்பது): ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. கோடையில் 10-க்கு அருகில், குளிர்ந்த காலையில் 15-க்கு மேல். 10-க்குக் கீழே போனால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது. சீக்கிரம் காயட்டும் என்று 20-க்கு மேல் ஊற்றினால் சூடேறிக் கீறல் விடும். கண்மதிப்பில் ஊற்றாதீர்கள், மருந்துக்கடையில் சிரிஞ்ச் மலிவாகக் கிடைக்கிறது.

ஆக்சிலரேட்டர்: சில ரெசின்களில் இது ஏற்கெனவே கலந்திருக்கும். வாங்கும்போது கேளுங்கள். தனியாகக் கலக்கவேண்டியிருந்தால் முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்தபிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்றவேண்டும். இவை இரண்டையும் ஒன்றோடொன்று நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள். வெடிக்கும். ஒரே அலமாரியில் வைப்பதும், ஒரே அளவுக்குவளையால் அளப்பதும் கூடாது.

பாதுகாப்பு

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் உடனே ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரைக்கும்போது பறக்கும் கண்ணாடித்தூள் நுரையீரலுக்குள் போகும், துண்டைக் கட்டிக்கொண்டால் தடுக்காது. தூசி முகமூடி வேண்டும். மூடிய அறைக்குள் ரெசின் பூசுவதானால் ஆவியை வடிகட்டும் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும், வெளியே ஒருவர் காவலுக்கு நிற்கவேண்டும். அசிட்டோனும் ரெசினும் இருக்கும் இடத்தில் பீடி, சிகரெட், கிரைண்டர் தீப்பொறி எதுவும் கூடாது. மிஞ்சிய ரெசின் வாளியில் சூடேறிப் புகையத் தொடங்கினால் அதை மூடாதீர்கள். திறந்தவெளிக்கு எடுத்துச்சென்று மணலைக் கொட்டுங்கள்.

அரைப்புதான் ஆதாரம்

புதுப் படகு கட்டும்போது ஒரு படலம் முழுதாக இறுகுமுன் அடுத்ததைப் போடுகிறார்கள். இரண்டும் வேதிமுறையில் இணைந்து ஒன்றாகிவிடுகின்றன. இருபது வருடத்துக்கு முன் இறுகிய படலத்தில் அந்த வாய்ப்பு கிடையாது. புது ரெசின் அதன் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு மட்டுமே நிற்கும். ஆகவே சொரசொரப்பும் பரப்பளவும் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான் பிடி.

முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் எண்ணெயையும் மெழுகையும் துடையுங்கள். அரைத்தபின் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிரைண்டர் அந்த எண்ணெயைப் பரப்பின் ஆழத்துக்குத் தேய்த்துவிடும். பிறகு 36 அல்லது 40 எண் தாள் பொருத்திய கிரைண்டரால் உடைந்த விளிம்பிலிருந்து வெளிநோக்கிச் சரிவாக அரையுங்கள். வெளுத்துப்போன இழை, பிரிந்த படலம் எல்லாம் போய், நிறம் ஒரே சீராகத் தெரியும் நல்ல ஃபைபர் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

சரிவின் அளவு தடிப்பைப்போல் 12 மடங்கு. 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர், அதாவது நான்கு விரல் அகலம். இடமே இல்லாத மூலைகளில் 8 மடங்கு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பெரிய வட்டமா என்று படகுக்காரர் கேட்பார். ஓட்டை சின்னதுதான், ஆனால் அதைச் சுற்றியுள்ள பாரம் முழுவதும் இந்தச் சரிவின் வழியாகத்தான் புது மேட்டுக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஓட்டை அடைக்கும் முறை

எடுத்துக்காட்டாக, பக்கச்சுவரில் வெட்டிச் சுத்தம் செய்தபின் 20 சென்டிமீட்டர் வட்டமான ஓட்டை, தகட்டின் தடிப்பு 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உட்புறம் கை எட்டும்.

1. உடைந்த பகுதியை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வெட்டுங்கள். கூர்மூலை விடாதீர்கள், விரிசல் மூலையிலிருந்துதான் தொடங்கும்.

2. உட்புறமிருந்து சுற்றிலும் 72 மில்லிமீட்டர் சரிவு அரையுங்கள். அரைத்த வட்டத்தின் விட்டம் 34 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வரும்.

3. வெளிப்புறத்தில் ஒரு மைக்கா தகட்டின் பளபளப்பான முகத்தில் மெழுகு தேய்த்து, படகின் வளைவோடு படியும்படி அழுத்திக் கட்டுங்கள். முட்டுக்கொடுத்தாலும் சரி, சிறு திருகு போட்டாலும் சரி. இடைவெளி இருக்கக்கூடாது.

4. உட்புறமிருந்து ஓட்டை வழியே தகட்டின்மேல் ஜெல்கோட் பூசுங்கள். அரை மில்லிமீட்டர் போதும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கவேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக்கூடாது. அதுதான் பதம்.

5. 450 கிராம் மேட்டில் ஆறு வட்டங்கள் வெட்டுங்கள். பெரியது 34 சென்டிமீட்டர், சிறியது 22. மற்றவை இடைப்பட்ட அளவுகளில். மொத்தக் கண்ணாடி சுமார் 170 கிராம் வரும். ரோலரிலும் பிரஷ்ஷிலும் ஒட்டிப் போவதையும் சேர்த்து அரைக் கிலோ ரெசின் போதும். ஒரேயடியாகக் கலக்காமல் இரண்டு பங்காகக் கலக்குங்கள்.

6. அரைத்த பரப்பு முழுவதும் முதலில் ரெசினைப் பிரஷ்ஷால் பூசுங்கள். பிறகு பெரிய வட்டத்தைப் போடுங்கள். பழைய பரப்பு முழுவதும் ஒரே தொடர்ச்சியான மேட்டின் பிடிக்குள் வரவேண்டும் என்பதால்தான் பெரியது முதலில். கடைசியில் மட்டம் பார்க்க அரைக்கும்போதும் மேலே உள்ள சிறிய படலங்கள்தான் தேயும். சிறியதை முதலில் போடும் பட்டறைகளும் உண்டு. சரிவு சரியாக இருந்தால் அதுவும் நிற்கும்.

7. ஒவ்வொரு படலத்தையும் உலோக ரோலரால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடம் ரெசின் ஊறாத இடம், குமிழாகத் தெரியும் இடம் நாளைய விரிசல்.

8. மூன்று படலம் போட்டதும் நிறுத்துங்கள். ஆறையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறிச் சுருங்கி வளையும். சூடு தணிந்து இறுகியபின், அதே நாளில் மற்ற மூன்றையும் போடுங்கள். மறுநாளுக்கு மேல் தள்ளிப்போனால் பரப்பை மறுபடி அரைத்துவிட்டே போடவேண்டும்.

9. கடைசிப் படலத்தின்மேல் பாலித்தீன் தாளை ஒட்டவைத்து மூடுங்கள். காற்றுப் பட்டால் பாலியஸ்டரின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருந்துவிடும்.

ஓட்டை அடைப்பதில் பட்டி என்பது மட்டம் பார்க்க மட்டுமே. டால்க் கலந்த பட்டியை ஓட்டைக்குள் திணித்து மேலே ஒரு மேட் போட்டுப் பெயின்ட் அடித்த படகுகள் எல்லாக் கரையிலும் இருக்கின்றன. பட்டியில் தொடர்ச்சியான இழை இல்லை, ஆகவே பாரம் தாங்காது.

சட்டங்களும் தடுப்புகளும்

நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும் சட்டங்கள் பெரும்பாலும் மரத்தையோ நுரைக்கட்டையையோ அச்சாக வைத்து அதன்மேல் ஃபைபர் சுற்றப்பட்டவை. பாரத்தைத் தாங்குவது மேலே சுற்றிய ஃபைபர். உள்ளே இருப்பது வடிவம் கொடுக்க மட்டும். ஆகவே மரம் அழுகியிருந்தாலும் மேலுறை விரிசல் இல்லாமல், அடியில் படகின் உடலோடு ஒட்டியே இருந்தால் அவசரமாகப் பிய்க்கவேண்டியதில்லை. அடிப்பட்டையில் கத்தியின் நுனியை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிடி விட்டுவிட்டது.

மாற்றவேண்டிய சட்டங்களை ஒரே நேரத்தில் எல்லாம் அகற்றாதீர்கள். ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் புதியது இறுகியபின் அடுத்ததுக்குப் போங்கள். அகற்றுமுன் அதன் வளைவை அட்டையிலோ ஒட்டுப்பலகையிலோ வெட்டி அச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய சட்டத்தின் அடி படகின் தகட்டைக் கூர்மையாகத் தொடக்கூடாது. இடையே மெல்லிய நுரைப்பட்டை வைத்து, இரு பக்க மூலையிலும் பட்டியால் ஒரு வளைவு கொடுங்கள். மேட்டுக்குச் செங்குத்து மூலை பிடிக்காது, அங்கே காற்று தங்கும். அதன்மேல் போடும் பட்டைகள் படகின்மீது முதலில் 50 மில்லிமீட்டர், அடுத்தது 75, அடுத்தது 100 எனப் படிப்படியாக அகலட்டும். எல்லாப் பட்டையும் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் அடுத்த முறிவு. சட்டம் முடியும் முனையையும் திடீரென வெட்டாமல் சரிவாக இறக்குங்கள்.

குறுக்குச்சட்டத்தின் அடியில் தண்ணீர் ஓடுவதற்குத் துளை விடுவதை மறக்காதீர்கள். பி.வி.சி. குழாய்த் துண்டை வைத்து அதைச் சுற்றி ஃபைபர் போட்டால் துளையின் ஓரம் வழியே உள்ளே நீர் புகாது.

பின்சுவரும் இன்ஜின் மேடையும்

இவை இரண்டும் மரத்தை நம்பியிருக்கும் இடங்கள். போல்ட் துளை வழியே நீர் புகுந்து மரம் அழுகுவதுதான் வழக்கமான கதை. பின்சுவரின் வெளித்தகடு நன்றாக இருந்தால் அதை விட்டுவிட்டு உட்தகட்டை மட்டும் வெட்டித் திறங்கள். சுற்றிலும் 75 மில்லிமீட்டர் விளிம்பு மிஞ்சட்டும், பிறகு ஒட்டுவதற்கு அதுதான் இடம். அழுகிய பலகையை ஒரு துணுக்குகூட விடாமல் சுரண்டி எடுத்து, கழுவி, காயவைத்து, அரைக்கவேண்டும்.

புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ஒட்டுப்பலகையை வாங்குங்கள். கடைக்காரர் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று காட்டும் ஐ.எஸ். 303 வேறு. அது வீட்டு அலமாரிக்கானது. பலகையின் எல்லா முகங்களையும், குறிப்பாக வெட்டிய ஓரங்களை, ரெசினால் முன்கூட்டியே ஊறவையுங்கள். வெளித்தகட்டின் உட்புறம் ரெசின் ஊறிய மேட் ஒன்று போட்டு, அதன்மேல் பலகையை அழுத்தி, ஓரமெங்கும் ரெசின் பிதுங்கும்வரை கவ்விகளால் இறுக்குங்கள். இறுகியபின் ஓரங்களுக்குப் பட்டி வளைவு, அதன்மேல் மேட், ரோவிங், மேட்.

போல்ட் துளைகளுக்கு ஒரு முறை உண்டு. துளையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்சிப் பட்டியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே நீர் புகாத சுவர் கிடைத்துவிடும். வாஷருக்குப் பதில் அகலமான துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்தால் நீள்வால் இன்ஜினின் அதிர்வு ஒரே புள்ளியில் குத்தாது.

ஏரா, கொப்புளம், மிதவை அறை

மணற்கரைப் படகில் முதலில் தேய்வது ஏரா. டிராக்டரால் இழுக்கும் கரைகளில் இன்னும் சீக்கிரம். மேட்டின் இழை வெளியே தெரிய விடாதீர்கள். இழை வழியே நீர் உள்ளே ஊறும். அரைத்து, ஏராவின் இரு பக்கமும் ஏறும்படி மேட்டும் ரோவிங்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழைய தடிப்பை மீட்டபின், தேய்ந்துபோவதற்கென்றே கூடுதலாக இரண்டு மூன்று படலம் அடியில் போடுங்கள். அது தேயும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம். படகின் உடல் தேயாது. இழுகயிறு கட்டும் துளையைச் சுற்றியும் இதேபோல் தடிப்பு ஏற்றவேண்டும்.

கொப்புளங்கள் மணலில் ஏறும் படகுகளில் குறைவு, துறைமுகத்தில் மாதக்கணக்காக நீரிலேயே நிற்பவற்றில் அதிகம். குத்தினால் காடி வாடையுடன் நீர் வரும். ஒவ்வொன்றையும் திறந்து, அரைத்து, நல்ல நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, முழுதாகக் காய்ந்தபின் எபாக்சியால் நிரப்புங்கள். மூடிய கொப்புளத்தின்மேல் பெயின்ட் அடித்தால் அது உள்ளேயே வளரும்.

மிதவை அறைகளைத் திறந்து பார்க்காமல் படகை மூடாதீர்கள். உள்ளே நீர் ஊறிய தெர்மகோல் இருந்தால் அது மிதவை இல்லை, வெறும் சுமை. புதிதாக வைக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்: பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மகோல் கரைந்துபோகும். பாலியூரித்தேன் நுரைக்கட்டை வையுங்கள், அல்லது தெர்மகோலைத் தடித்த பாலித்தீனில் முழுவதுமாகச் சுற்றி வையுங்கள். கவிழ்ந்த படகில் ஆட்கள் பிடித்துக்கொண்டு மிதப்பது இந்த அறைகளை நம்பித்தான்.

கடலில் இறக்குமுன்

கடைசிப் படலம் போட்டு ஒரு நாள் ஆனதும் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துப் புது இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் ரெசின் இறுகவில்லை. இன்னும் சில நாள் வெயிலில் விட்டுப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் கேட்டலிஸ்ட் போதவில்லை என்று பொருள். அந்தப் படலத்தை அரைத்து எடுத்துத் திரும்பப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இறுகியிருந்தால் சுத்தியல் கைப்பிடியால் மறுபடி தட்டுங்கள். புது இடமும் பழைய இடமும் ஒரே ஒலி தரவேண்டும். படகுக்குள் சில குடம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்து, வெளியே கசிகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்து ஒரு வாரமாவது கழித்தே அலையில் இறக்குங்கள். முதல் ஓட்டம் கரையோரமாக, அமைதியான காலையில், பாரம் இல்லாமல் இருக்கட்டும். திரும்பி வந்ததும் போல்ட்டுகளை இறுக்கி, சட்டங்களின் அடியைப் பாருங்கள்.

படகுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சீரமைப்பையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, படகின் எந்த இடம், எந்த ரெசின், எத்தனை படலம், கேட்டலிஸ்ட் எவ்வளவு. அடுத்த முறை அதே இடம் பழுதானால் காரணம் அந்த நோட்டிலேயே இருக்கும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தாலும் மேட் போடும் நாளைவிட அரைக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். அரைப்பு சரியாக அமைந்த படகு பெயின்ட் இல்லாமலும் ஓடும். அரைக்காமல் ஒட்டிய படகை எந்தப் பெயின்ட்டும் காப்பாற்றாது.